ரிப்பீட்டு மேடம்

மேடம் ஒரு தடவை பார்த்ததை நம்ப மாட்டார். இரண்டாம் தடவை பார்த்தால் "ம்" என்பார். மூன்றாம் தடவை பார்த்த பிறகுதான் வாயைத் திறப்பார். அதற்குள் கேட்டவருக்குக் கேள்வியே மறந்துபோயிருக்கும்.

பிள்ளைகள் அவருக்கு ரிப்பீட்டு மேடம் என்று பேர் வைத்திருந்தார்கள். அவருக்கும் அது தெரியும். கோபப்பட்டதில்லை.

"எத்தினி பேர் அப்படிக் கூப்புடறாங்கன்னு பாத்தீங்களாக்கா? ஒருத்தர் கூப்ட்டா அது பேர் இல்ல" என்றார் ஒரு நாள் என்னிடம். சிரிக்கிறாரா என்று பார்த்தேன். சிரிக்கவில்லை.

வேலூர் போகிற ரோட்டில் அந்தக் கல்லூரி. கிருமியைப் பற்றிப் படிக்கிற லேபில் எனக்கு வேலை. கண்ணாடித் தட்டு கழுவுவது, கூட்டுவது, துடைப்பது. நான் படித்தது ஐந்தாவது. மேடம் அந்த லேபுக்குப் பொறுப்பு. பேர்ணாம்பட்டுக்காரர். வீட்டில் உருது, லேபில் தமிழ், பாடம் நடத்தும்போது இங்கிலீஷ். அவர் அப்பா ஒரு காலத்தில் தோல் பதனிடும் டேனரி வைத்திருந்தவர். காலையில் வந்ததும் கறுப்பு புர்காவைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு வெள்ளைக் கோட்டைப் போடுவார். வாயில் ஒரு கிராம்பை ஒதுக்கிக்கொள்வார். அதன் பிறகு யாரும் அவரிடம் வீண் பேச்சுப் பேச முடியாது.

அங்கே நடந்த வேலை இதுதான். மருந்துக்கு அடங்காத கிருமிகள் சில உண்டு. ஆஸ்பத்திரியில் எந்த ஊசி போட்டாலும் சாகாது. அந்தக் கிருமியைத் தட்டில் கூழ் ஊற்றி வளர்ப்பார்கள். நொச்சி, குப்பைமேனி, ஆடாதோடை, இப்படி இலை, பட்டை, காய் எல்லாவற்றையும் ஸ்பிரிட்டில் ஊறவைத்துச் சாறு எடுப்பார்கள். பொத்தான் அளவு காகித வட்டை அந்தச் சாற்றில் நனைத்து, உலர்த்தி, கிருமி பூசிய தட்டில் வைப்பார்கள். மறுநாள் பார்த்தால் தட்டு முழுக்க கிருமி பால் ஆடை மாதிரி படர்ந்திருக்கும். சாறு வேலை செய்திருந்தால் காகிதத்தைச் சுற்றி மட்டும் வட்டமாகத் தெளிந்திருக்கும். அந்த வட்டத்துக்காகத்தான் எல்லாரும் காத்திருப்பார்கள்.

மேடம் மட்டும் வட்டத்தை முதலில் பார்க்க மாட்டார். வெறும் ஸ்பிரிட்டில் நனைத்த காகிதம் ஒன்றை ஓரத்தில் வைக்கச் சொல்வார். அதைத்தான் முதலில் பார்ப்பார்.

திருப்பத்தூரிலிருந்து வந்து படித்த ஒரு பெண். நொச்சி இலையில் பெரிய வட்டம் வந்துவிட்டது என்று தட்டைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தாள். லேபே கூடிவிட்டது. மேடம் தட்டை வாங்கி வெளிச்சத்தில் பிடித்தார். ஓரத்துக் காகிதத்தைச் சுற்றியும் அதே அளவு வட்டம் இருந்தது.

"இது இன்னா?"

அந்தப் பெண் ஓரத்தை அப்போதுதான் பார்த்தாள்.

"ஸ்பிரிட்டு காயல. ஸ்பிரிட்டு கொன்னிருக்குது. நொச்சி சும்மா பக்கத்துல நின்னு பேர் வாங்கிக்கிச்சி."

பெண் அழுதாள். மேடம் ஒரு கிராம்பை எடுத்து அவள் கையில் வைத்தார். "மெல்லு. இன்னொரு தபா போடு" என்றார். ஆறுதல் என்றால் அவ்வளவுதான்.

அவரைப் பெண் பார்க்க வந்த கதையை அவரே சொன்னார். மாப்பிள்ளை வீட்டார் பிரியாணி தின்றுவிட்டு உட்கார்ந்திருந்தார்கள். மாப்பிள்ளையின் அக்கா, பையனைப் பிடித்திருக்கிறதா என்று கேட்டிருக்கிறார். மேடம், "ஒரு தபாதான பாத்தேன், எப்படிச் சொல்றது?" என்றாராம். அவர்கள் எழுந்து போய்விட்டார்கள்.

"இன்னொரு தபா அனுப்பி இருக்கலாம்ல?" என்றார் என்னிடம். அப்போதும் சிரிக்கவில்லை. நான்தான் சிரித்தேன்.

அப்போது எனக்குச் சிரிக்க முடிந்தது. என் வீட்டுக்காரருக்குக் கால் புண் வராத காலம்.

வீட்டுக்காரர் டேனரியில் வேலை. ஊரில் எல்லா இடத்திலும் ட்ரம்மும் கெமிக்கலும் வந்துவிட்டன. அவர் இருந்த டேனரியில் மட்டும் ஒரு பக்கம் இன்னும் குழியில் பட்டையும் கடுக்காயும் போட்டுத் தோலை ஊறவைப்பார்கள். ஒரு நாள் சுண்ணாம்புக் குழி வேலைக்கு ஆள் இல்லை என்று இவரை இறக்கினார்கள். பூட்ஸில் கிழிசல். சுண்ணாம்புத் தண்ணீர் உள்ளே போய் நாள் பூராவும் நின்றது. இவருக்குச் சுகர். காலில் உணர்ச்சி கம்மி. சாயங்காலம் பூட்ஸைக் கழற்றும்போதுதான் பார்த்தார். பாதத்தின் முன்பக்கம் வெந்து போயிருந்தது.

புண் ஆறவில்லை. வேலூர் ஆஸ்பத்திரியில் சீழ் எடுத்துப் பார்த்தார்கள். நான் தினமும் தட்டில் கழுவுகிற கிருமி மாதிரிதான். மருந்துக்கு அடங்காதது. டாக்டர் மறைக்காமல் சொன்னார்.

"ஒரு ஊசி பாக்கி இருக்கு. கிட்னியைப் பாத்துப் பாத்துத்தான் போட முடியும். தெனம் கட்டு மாத்த வரணும். கேக்கலன்னா முன் பாதத்த எடுக்கணும். அதுவும் விட்டா முட்டிக்குக் கீழ."

வெளியே வந்ததும் வீட்டுக்காரர், "முட்டிக்குக் கீழன்னா எவ்ளோ கீழ?" என்றார். பஸ்ஸில் வரும்போதெல்லாம் அவர் மற்றவர்கள் காலையே பார்த்துக்கொண்டு வந்தார்.

அந்த வாரம்தான் லேபில் ஏழாம் நம்பர் பாட்டில் பேச்சாக இருந்தது. எந்தப் பாட்டிலில் எந்தச் செடி என்று மேடத்துக்கு மட்டும்தான் தெரியும். மற்றவர்களுக்கு நம்பர்தான். தெரிந்தால் ஆளுக்கொரு செடிக்குக் கொடி பிடிப்பார்கள் என்பார். ஏழாம் நம்பர் போட்ட தட்டில் வட்டம் பெரிதாக விழுந்திருந்தது. ஓரத்து வெறும் காகிதத்தில் ஒன்றும் இல்லை. இரண்டாம் தடவையும் விழுந்தது. மூன்றாம் தடவையும் விழுந்தது. ஆஸ்பத்திரி மருந்தில் நனைத்த காகிதத்தைச் சுற்றி நெருங்கி வளர்ந்த கிருமி, ஏழாம் நம்பரைக் கண்டு தள்ளி நின்றது. நான் என் கண்ணால் பார்த்தேன்.

மூன்று தடவை ஆகிவிட்டது. இனி மேடம் வாயைத் திறப்பார் என்று நினைத்தேன். மதியம் பிள்ளைகள் சாப்பிடப் போன பிறகு போய் நின்றேன்.

"மேடம், ஏழாம் நம்பர்ல கொஞ்சம் குடுங்க. வீட்டுக்காரர் காலுக்கு."

மேடம் கிராம்பு மெல்லுவதை நிறுத்தினார்.

"குடுக்க மாட்டேன்கா."

"மூணு தபா வந்திச்சில்ல?"

"தட்டுல வந்திச்சி. பினாயில் ஊத்தினாலும் தட்டுல வரும். கால்ல ஊத்துவீங்களா?"

"வேற வழி இல்ல மேடம். கால எடுக்கணும்ன்றாங்க."

"தெரியும்."

"ஒரு வேள கேட்டா?"

"கேக்கலாம். கேக்காமலும் போலாம். சதையக் கெடுக்கலாம். எனக்குத் தெரியாது. தெரியாதத உங்க வீட்டுக்காரர் கால்ல நான் பாக்க மாட்டேன்."

அவருடைய குரல் ஏறவில்லை. அதுதான் எனக்கு ஆத்திரம். அழுதிருந்தால்கூடப் பொறுத்திருப்பேன். பாட்டில் இருந்த குளிர்பெட்டி என் முன்னால்தான் இருந்தது. பூட்டு கிடையாது. மேடம் அதைப் பார்த்தார். நான் பார்த்ததையும் பார்த்தார். தட்டுப் பக்கம் திரும்பிக்கொண்டார். நான் பெட்டியைத் தொடவில்லை. ஆனால் அன்றைக்குத் தட்டு கழுவும்போது மூன்று உடைந்தன.

அதன் பிறகு நான் மேடத்தோடு பேசவில்லை. அவர் "அக்கா" என்றால் போய் நிற்பேன். சொன்ன வேலையைச் செய்வேன். அவ்வளவுதான். அவரும் ஏன் என்று கேட்கவில்லை.

இதற்கு நடுவில் பிரின்சிபால் பத்திரிகைக்காரர் ஒருவரைக் கூட்டி வந்தார். காலேஜில் அட்மிஷன் நேரம். பத்திரிகைக்காரர் லேபில் போட்டோ எடுத்தார். ஏழாம் நம்பர் எந்தச் செடி என்று கேட்டார். மேடம் சொல்லவில்லை. பிரின்சிபால் மேடத்தின் ரிப்போர்ட்டைப் படித்தவர். அவர் சொல்லிவிட்டார்.

"கடுக்காய். நம்ம ஊர் கடுக்காய்."

"இது மருந்தா மேடம்?" என்றார் பத்திரிகைக்காரர்.

"தெரியாது."

"எப்ப தெரியும்?"

"அதுவும் தெரியாது."

அவர் பேனாவை மூடிக்கொண்டு பிரின்சிபாலோடு போனார். மறுநாள் பேப்பரில் கொட்டை எழுத்தில் வந்தது. அடங்காத கிருமியை அடக்கும் கடுக்காய் என்று. மேடம் அந்தப் பேப்பரோடு பிரின்சிபால் ரூமுக்குப் போனார். நான் வராந்தாவில் துடைத்துக்கொண்டிருந்தேன். முதல் தடவையாக அவர் குரல் உயர்ந்து கேட்டது.

"இந்த ஊர்ல கடுக்காய்த் தண்ணி தொட்டி தொட்டியா கெடக்குது சார். படிச்சிட்டு எவனாவது புண்ணுல ஊத்திக்குவான்."

"காலேஜ் பேர் வந்திருக்கு மேடம். ஏன் பேஜார் பண்றீங்க?"

மேடம் வெளியே வந்தார். என்னைக் கடந்து போனார். முகம் வெளுத்திருந்தது. எனக்குப் பாவமாக இல்லை.

வீட்டுக்காரர் அந்தப் பேப்பரை டீக்கடையில் படித்தார். சாயங்காலம் நான் வீட்டுக்குப் போனபோது காலில் ஈரத்துணி சுற்றி உட்கார்ந்திருந்தார். வீடெல்லாம் டேனரி வாசனை. தோஸ்த் ஒருவர் குழியிலிருந்து கடுக்காய்த் தண்ணீரைக் கேனில் பிடித்து வந்து கொடுத்திருக்கிறார்.

"இன்னாய்யா இது?"

"உங்க மேடம் பூட்டி வெச்ச மருந்துடி. இத்தினி வருசம் இதுலதான் கையும் காலும் நனைச்சிக்கினு இருந்தேன். நமக்குத் தெரியாம போச்சி பாரு."

எனக்கும் சரி என்றுதான் பட்டது. மேடம் கொடுக்கவில்லை, கடவுள் கொடுத்தார் என்று நினைத்தேன்.

நாலைந்து நாளில் புண் காய்ந்தது. ஒழுகிக்கொண்டிருந்த நீர் நின்றது. மேலே கறுத்து, இறுகி, செருப்புத் தோல் மாதிரி பளபளவென்று ஆகிவிட்டது. விரலால் தட்டினால் டக் டக் என்றது. வீட்டுக்காரர் வருகிறவர் போகிறவரிடமெல்லாம் தட்டிக் காட்டினார். வேலூருக்குக் கட்டு மாற்றப் போவதையும் நிறுத்திவிட்டார். ஊசியும் நின்றது.

"அவங்க கத்தியோட நிக்கறாங்க. நான் ஏன் போவணும்?" என்றார்.

அடுத்த வாரம் இரண்டு நாள் சாயங்காலம் உடம்பு சுட்டது. அலைச்சல் என்றார். நானும் விட்டுவிட்டேன்.

மறுநாள் காலை மேடம் தட்டுகளை எண்ணி வைத்துக்கொண்டிருந்தார். நானாகப் போய்ச் சொன்னேன். நல்ல சேதி சொல்லுகிற மாதிரி இல்லை. குத்துகிற மாதிரிதான் சொன்னேன்.

"வீட்டுக்காரர் கால் காஞ்சிடுச்சி மேடம்."

மேடம் நிமிர்ந்தார்.

"ஊசி கேட்டிச்சா?"

"ஊசி இல்ல. கடுக்காய்த் தண்ணி. நீங்க குடுக்கல. அவரே ஊத்திக்கினார்."

மேடம் கையிலிருந்த தட்டை மேசையில் வைத்தார். "மேல எப்படி இருக்குது?"

"கறுப்பா, கெட்டியா."

"ஜொரம்?"

"கொஞ்சம்."

மேடம் வெள்ளைக் கோட்டைக் கழற்றவில்லை. அதன் மேலேயே புர்காவைப் போட்டுக்கொண்டு படியிறங்கினார். நான் பின்னால் ஓடினேன். இருவரும் ஷேர் ஆட்டோவில் ஏறினோம்.

வீட்டில் அவரைப் பார்த்ததும் வீட்டுக்காரர் காலை நீட்டி டக் டக் என்று தட்டினார்.

"பாருங்க மேடம். உங்க மருந்து."

மேடம் தரையில் உட்கார்ந்தார். காலைத் தொடாமல் குனிந்து மோந்து பார்த்தார்.

"எந்தக் குழித் தண்ணிண்ணா?"

"புதுக் குழி மேடம். நல்ல கெட்டியானது."

"தோலுக்கு மொத நாளே கெட்டித் தண்ணி ஊத்துவீங்களா?"

"இல்ல மேடம். மொதல்ல பழைய தண்ணி, லேசா. அப்பறம் கொஞ்சம் கொஞ்சமாத்தான் கெட்டி."

"ஏன்?"

வீட்டுக்காரர் குழி வேலையில் பேர் எடுத்தவர். யோசிக்காமல் சொன்னார்.

"மொதல்லயே கெட்டியா ஊத்தினா மேல இறுகிடும். சாரம் உள்ள போவாது. வெளிய பாத்தா பதமா இருக்கும். உள்ள பச்சையா நின்னு அழுகி..."

நிறுத்திவிட்டார். காலைப் பார்த்தார். நானும் பார்த்தேன். தட்டிக்கொண்டிருந்த விரலை மெதுவாக எடுத்துக்கொண்டார்.

"தோல்னா ஓரத்துல அறுத்துப் பாத்துடுவோம் மேடம்" என்றார்.

மேடம் எழுந்தார். "கெளம்புங்க."

"நாளைக்குக் காலையில மொத பஸ்ஸுக்கு..." என்றேன்.

"இப்பக்கா."

அவர் ஒரே ஒரு தடவைதான் பார்த்திருந்தார்.

வேலூர் போய்ச் சேருவதற்குள் வீட்டுக்காரருக்குக் குளிர் எடுத்தது. பல் அடித்துக்கொண்டது. வண்டியில் நானும் மேடமும் இரண்டு பக்கமும் பிடித்துக்கொண்டோம். ஆஸ்பத்திரியில் டாக்டர் அந்தக் கறுப்பை ஓரத்தில் வெட்டினார். உள்ளேயிருந்து வந்ததை நான் இங்கே சொல்லவில்லை. டேனரி வாசனை போய் வேறு வாசனை வந்தது. இத்தனை நாள் அந்த வாசனையைக் கடுக்காய் மூடி வைத்திருந்தது.

உடனே ஆபரேஷனுக்குக் கொண்டுபோனார்கள். விஷம் ரத்தத்தில் ஏறியிருக்கிறது, காலைப் பற்றி இப்போது பேச்சில்லை, ஆளைப் பற்றித்தான் பேச்சு என்றார்கள். ஒரு நர்ஸ் என் கையைப் பிடித்து, "ஒண்ணும் ஆவாதும்மா" என்றாள். அவள் போன பிறகு நான் மேடத்தைப் பார்த்தேன்.

"பொழைப்பாரா மேடம்?"

"தெரியாதுக்கா."

அந்த வார்த்தையைத்தான் சொல்வார் என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் கேட்டேன். ஏனோ நர்ஸ் சொன்னதைவிட அது காலடியில் கெட்டியாக இருந்தது. மேடத்தின் அம்மா போன் செய்தார். "நை அம்மி" என்று உருதுவில் ஏதோ சொல்லி வைத்துவிட்டார். வர நேரமாகும் என்று சொன்னாராம். பெஞ்சில் என் பக்கத்தில் உட்கார்ந்தார். அவருடைய கிராம்பு டப்பா திறந்தபடி மடியில் இருந்தது. அன்று ஒன்றும் எடுத்து மெல்லவில்லை.

வீட்டுக்காரர் பிழைத்தார். முன் பாதம் போயிற்று. குதிகால் நின்றது.

கண் விழித்துப் பேச வந்ததும், "ஊரே ஷூ தெக்கிதே, எனக்குன்னு பாதி ஷூ தெக்க எவன்னா இருக்கானா கேளு" என்றார். பிறகு சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

மேடம் பார்க்க வந்தபோது ஆரஞ்சுப் பழம் எதுவும் கொண்டுவரவில்லை. நின்றபடியே கேட்டார்.

"அண்ணா, உங்க கால்ல இருந்த கிருமி இங்க லேப்ல வெச்சிருக்காங்க. எனக்கு வேணும். நீங்க சரின்னாதான் கேப்பேன்."

"எதுக்கு மேடம்?"

"ஏழாம் நம்பர அது மேல போட்டுப் பாக்கணும்."

வீட்டுக்காரர் கட்டுப் போட்ட காலைப் பார்த்தார்.

"எடுத்துக்கோங்க. கொல்லுமா?"

"தெரியாது."

"கொன்னா வந்து சொல்லுங்க. கொல்லலன்னாலும் சொல்லுங்க."

"சொல்றேன்."

ஆஸ்பத்திரி சம்மதித்தது. கிருமி லேபுக்கு வந்தது. மேடம் பிள்ளைகளிடம் கொடுக்கவில்லை. தானே தட்டில் பூசினார். தானே காகிதம் வைத்தார். ஒரு தட்டு, மறுநாள் இன்னொரு தட்டு, அதற்கும் மறுநாள் இன்னொன்று. முடிந்ததும் என்னைக் கூப்பிட்டார். மூன்றையும் வெளிச்சத்தில் வரிசையாக வைத்திருந்தார்.

இந்தக் கிருமி பச்சை நிறமாகப் படர்ந்திருந்தது. ஏழாம் நம்பர் காகிதத்தின் விளிம்பு வரைக்கும் வந்து, அதன் மேலேயும் கொஞ்சம் ஏறியிருந்தது. மூன்றிலும் அப்படியே. வட்டம் இல்லை. ஒரு மயிரிழைகூட இல்லை.

குளிர்பெட்டியை வெறித்துப் பார்த்து நான் ஆசைப்பட்ட பாட்டில் அதுதான். மேடம் அதைச் சொல்லிக் காட்டவில்லை.

"அண்ணாகிட்ட நானே வந்து சொல்றேன்" என்றார்.

"சரி மேடம்."

பார்த்து முடித்த தட்டை அப்படியே கழுவக் கூடாது. கிருமி உயிரோடு இருக்கும். குக்கர் மாதிரி பெரிய பாத்திரம் ஒன்று உண்டு. அதில் அடுக்கி, ஆவியில் அவித்துக் கொன்ற பிறகுதான் கழுவ வேண்டும். அது என் வேலை.

"இத நான் வெக்கிறேன்கா. நீங்க போங்க."

"இல்ல மேடம். நான்தான் வெப்பேன்."

மேடம் நகர்ந்து வழி விட்டார். மூன்று தட்டையும் உள்ளே வைத்தேன். மூடியைப் போட்டுத் திருகுகளை இறுக்கினேன். ஆவி சீறியது. அழுத்தம் காட்டும் முள் ஏறிச் சிவப்புக் கோட்டில் நின்றது. மேடம் போகவில்லை. கையைக் கட்டிக்கொண்டு என் பக்கத்தில் நின்றார். இரண்டு பேரும் அந்த முள்ளையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

நேரம் ஆனது. அதற்குள் எந்தக் கிருமியும் செத்துவிடும். அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். நான் அணைக்க ஸ்விட்சில் கை வைத்தேன்.

மேடம் என் கையைப் பிடித்தார்.

"இன்னும் கொஞ்ச நேரம் இருக்கட்டும்கா" என்றார்.